இறக்குமதி உணவுச் சரக்கின் பாதுகாப்புச் சோதனையும் லேபிள் ஆய்வும்: இறக்குமதியாளருக்கான முழுமையான வழிகாட்டி

இறக்குமதி உணவைச் சோதிக்கும் அதிகாரி மூன்று பொருள்களை ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார். முதலாவது, நீங்கள் சமர்ப்பித்த ஆவணங்கள். இரண்டாவது, பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் லேபிள். மூன்றாவது, பொட்டலத்துக்குள் உண்மையில் இருக்கும் உணவு. இந்த மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னால் சரக்கு நகரும். ஒன்று மற்றொன்றோடு முரண்பட்டால், உணவு எவ்வளவு தரமானதாக இருந்தாலும் கன்டெய்னர் துறைமுகத்திலேயே நின்றுவிடும், அது நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே இந்த ஒப்பீட்டை, சரக்கு கப்பலில் ஏறுவதற்கு முன்பே, இறக்குமதியாளர் தம் மேசையில் அமர்ந்து தாமே செய்து பார்த்துவிட வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் சோதனையின் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான். ஏனெனில் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணையத்தின் தரநிலைகளையே பல நாடுகளும் அடித்தளமாகக் கொண்டுள்ளன. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தமும் அந்தத் தரநிலைகளையே அளவுகோலாகச் சுட்டுகிறது.

முதல் படி: உணவின் வகையை முடிவு செய்தல்

சட்டத்தின் பார்வையில் உங்கள் பொருள் எது என்ற கேள்விக்கு விடை காணாமல் அடுத்த எந்தப் படிக்கும் செல்ல முடியாது. பழச்சாறும் பழச்சாறு கலந்த பானமும் கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், அவற்றுக்கான தரநிலையும், சேர்க்கக்கூடிய பொருள்களின் பட்டியலும், பெயர் எழுதும் முறையும் வெவ்வேறானவை. வைட்டமின் சேர்த்த ஒரு தின்பண்டம் ஒரு நாட்டில் சாதாரண உணவாகவும், இன்னொரு நாட்டில் ஊட்டச்சத்துத் துணைப்பொருளாகவும், வேறொரு நாட்டில் மருந்தாகவும் வகைப்படுத்தப்படலாம். சுங்கத்துக்காக நீங்கள் குறிக்கும், பன்னாட்டுச் சரக்கு வகைப்பாட்டு எண்ணான எச்.எஸ். குறியீடு வரியைத் தீர்மானிப்பதற்கானது; உணவுச் சட்டத்தின் வகைப்பாடு தனியானது. இந்த இரண்டையும் ஒன்றெனக் கருதுவது புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் செய்யும் முதல் பிழை.

பால், தேன், இறைச்சி, மீன், முட்டை போன்ற விலங்குவழிப் பொருள்கள் உணவில் இருந்தால், அவை சிறிதளவே சேர்ந்திருந்தாலும், கால்நடை நலச் சான்றிதழ் தேவைப்படுமா, உற்பத்தி செய்த ஆலை இறக்குமதி நாட்டின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிட வேண்டும். பதப்படுத்தாத தானியம், விதை, பழம் ஆகியவற்றுக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்கப்படும். உணவோடு தொடர்பில்லாததாகத் தோன்றும், பெட்டிகளை அடுக்கும் தட்டான மரப் பேலட்டுக்குக்கூட விதி உண்டு: ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டு விதிப்படி, மரத்தின் உட்பகுதி வரை குறைந்தது 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும், அல்லது அவ்விதி ஏற்கும் வேறு முறையில் பூச்சிநீக்கம் செய்யப்பட்டு முத்திரை இடப்பட்டிருக்க வேண்டும். முத்திரையில்லாத பேலட்டால் பழுதற்ற உணவு தடுத்து நிறுத்தப்படுவது அபத்தமாகத் தோன்றலாம். மரத்துக்குள் ஒளிந்து வரும் பூச்சி ஒரு நாட்டின் காடுகளை அழித்துவிடக்கூடும் என்பதால் அதிகாரிகள் இதில் இளகுவதில்லை.

இரண்டாம் படி: சேர்மானங்களைச் சட்டத்தோடு ஒப்பிடுதல்

உற்பத்தியாளரிடமிருந்து முழுச் சேர்மான விவரத்தை விழுக்காட்டோடும், உணவுச் சேர்க்கைப் பொருள்களின் பன்னாட்டு எண்களோடும் எழுத்தில் வாங்குங்கள். "எங்கள் நாட்டில் அனுமதிக்கப்பட்டது" என்ற பதில் உங்களுக்கு எந்த வகையிலும் உதவாது. வெண்ணிறம் தரும் டைட்டானியம் டைஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் உணவில் தடைசெய்தது; அமெரிக்காவில் உணவின் எடையில் 1 விழுக்காடு வரை அது அனுமதிக்கப்பட்டிருந்தது. சைக்ளமேட் என்ற இனிப்பூட்டியின் நிலை இதற்கு நேர்மாறானது: ஐரோப்பாவில் வரம்புக்குட்பட்டு அனுமதி உண்டு, அமெரிக்காவிலோ 1970 முதல் உணவில் இடமில்லை. ரொட்டி மாவுக்கான பொட்டாசியம் புரோமேட்டை இந்தியா 2016-இல் நீக்கியது. ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே ஆலை. எல்லையைத் தாண்டியதும் சட்டநிலை மாறிவிடுகிறது.

அனுமதி இருக்கிறதா என்பதோடு நின்றுவிடாமல், உங்கள் உணவு வகையில் எவ்வளவு அளவுக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். பானத்தில் ஏற்கப்படும் பதப்படுத்தி ரொட்டியில் ஏற்கப்படாமல் இருக்கலாம். மூலப்பொருளோடு சேர்ந்து வந்துவிடும் சேர்க்கைகளையும் மறக்கக் கூடாது. உலர்பழத்தில் இட்ட சல்பைட் என்ற பதப்படுத்தி அப்பழம் சேர்ந்த கேக்கிலும் இருக்கும்.

மூன்றாம் படி: ஆவணங்களும் முன்னறிவிப்பும்

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கப்பல் சரக்கு ரசீது, பிறப்பிடச் சான்றிதழ் ஆகியவை எல்லாச் சரக்குக்கும் பொதுவானவை. உணவுக்குக் கூடுதலாக நலச் சான்றிதழும் ஆய்வகப் பகுப்பாய்வுச் சான்றிதழும் தேவைப்படலாம். பகுப்பாய்வுச் சான்றிதழைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்ல முதலீடு. அதில் உள்ள பேட்ச் எண் (ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண்) உங்கள் சரக்கில் உண்மையில் வரும் பேட்ச்தானா, ஆய்வகம் சோதனைக்கூடங்களுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025 தரச்சான்று பெற்றதா, அந்தச் சான்று இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கும் பொருந்துகிறதா, "கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருந்தால் கருவியால் கண்டறியக்கூடிய குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சட்ட வரம்பைவிடக் கண்டறியும் வரம்பு அதிகமாக இருந்தால் அந்தச் சான்றிதழால் எதையும் நிறுவ முடியாது. சோதனை நடந்த தேதி உற்பத்தித் தேதிக்கு முந்தியதாக இருக்கும் சான்றிதழ்களும் வருவதுண்டு. அதிகாரியின் கண் அங்கேதான் முதலில் போகும்.

சரக்கு வருவதை அதிகாரிகளுக்கு முன்கூட்டித் தெரிவிக்கும் முன்னறிவிப்பு கட்டாயமான நாடுகளில் நேரக் கெடு கறாரானது. அமெரிக்காவில், 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் வழியே வந்த விதிப்படி, சாலைவழிச் சரக்குக்குக் குறைந்தது 2 மணி நேரம், ரயிலிலும் விமானத்திலும் வருவதற்கு 4 மணி நேரம், கப்பலில் வருவதற்கு 8 மணி நேரம் முன்பாக அறிவிப்பு சேர்ந்திருக்க வேண்டும். அறிவிப்பில் கொடுத்த உற்பத்தியாளர் பெயரும் இன்வாய்ஸில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்கட்டும். ஓர் ஆவணத்தில் தலைமை அலுவலகத்தின் முகவரியையும் இன்னொன்றில் ஆலையின் முகவரியையும் எழுதி, இரண்டு நாள் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

நான்காம் படி: லேபிள்

முழுச் செயல்முறையிலும் முற்றிலும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதி லேபிள் ஒன்றே. ஆய்வக முடிவு என்னவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. லேபிளோ அச்சுக்குப் போகும் முன்பே வரிவரியாகச் சரிபார்க்கக்கூடியது. எனவே அச்சுக்கோப்பை வாங்கிப் பார்க்காமல் எந்த ஆர்டரையும் உறுதி செய்யாதீர்கள்.

பொட்டலமிட்ட உணவின் லேபிளுக்கான கோடெக்ஸ் பொதுத் தரநிலை 1985-ஆம் ஆண்டுக்குரியது, பலமுறை திருத்தப்பட்டது. உணவின் பெயர், சேர்மானப் பட்டியல், நிகர அளவு, பொறுப்புடைய நிறுவனத்தின் பெயரும் முகவரியும், பிறப்பிட நாடு, தொகுதி அடையாளம், தேதி, சேமிக்கும் முறை, பயன்படுத்தும் முறை ஆகியவற்றை அது எதிர்பார்க்கிறது. இவற்றில் சிக்கல் மிகுந்தவற்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம்.

பெயர் என்பது பிராண்டின் பெயர் அன்று. உணவின் உண்மைத் தன்மையைச் சொல்லும் பெயர். முன்பக்கத்தில் பாதாம் படம் பெரிதாக இருந்து, உள்ளே பாதாம் மணம் மட்டுமே இருந்தால், பெயர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சேர்மானப் பட்டியலில் ஒவ்வொரு பொருளும், தயாரிப்பின்போது சேர்க்கப்பட்ட எடையின் இறங்குவரிசையில் வர வேண்டும். உற்பத்தியாளர் தந்த விழுக்காட்டுப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வரிசையைச் சரிபாருங்கள். மூன்றாம் இடத்தில் இருக்க வேண்டிய சர்க்கரை ஏழாம் இடத்தில் ஒளிந்திருப்பது அப்போது தெரிந்துவிடும். பல பொருள்கள் கலந்த ஒரு கூட்டுச் சேர்மானம் உணவின் எடையில் 5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், அதன் உட்கூறுகளைப் பிரித்து எழுத வேண்டியதில்லை என்று கோடெக்ஸ் சலுகை தருகிறது. ஆனால் ஒவ்வாமை தரும் பொருளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

ஒவ்வாமை விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம், ஏனெனில் இங்கே ஏற்படும் லேபிள் பிழை உயிரைப் பறிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கச் சொல்கிறது, அவற்றைச் சேர்மானப் பட்டியலிலேயே தடித்த எழுத்து போன்ற முறையில் தனித்துக் காட்டவும் சொல்கிறது. அமெரிக்காவின் பட்டியலில் 8 இருந்தன. 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. கடுகு ஐரோப்பியப் பட்டியலில் உண்டு, அமெரிக்கப் பட்டியலில் இல்லை. ஆக, ஒரு சந்தைக்காக அச்சிட்ட லேபிள் மற்றொன்றுக்குப் போதுமானதாக இருக்கும் என்று கருதிவிட முடியாது. சல்பைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் வரம்பு. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள புரதமான குளூட்டன் இல்லாதது என்று உரிமை கொண்டாடினால், அதன் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தச் சொல்லை அச்சிட்ட கணமே அதற்கான சோதனையை நீங்களே அழைத்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஊட்டச்சத்து அட்டவணையை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு அப்படியே பெயர்த்து எழுதுவது பலரும் விழும் குழி. அமெரிக்க அட்டவணையின் மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தும் அடங்கும். ஐரோப்பிய அட்டவணையில் நார்ச்சத்து தனிக் கணக்கு. முன்னது ஒரு பரிமாறும் அளவுக்கானது, பின்னது 100 கிராமுக்கோ 100 மில்லிலிட்டருக்கோ ஆனது. முன்னதில் சோடியம் எழுதப்படும், பின்னதில் உப்பு எழுதப்படும், சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். இதை அறியாமல் எண்களை மட்டும் நகலெடுத்தால், ஆய்வக முடிவுக்கும் லேபிளுக்கும் இடையே விளக்க முடியாத வேறுபாடு எழும்.

தேதிகளில் இரண்டு தனித்த பொருள்கள் உண்டு. ஒன்று, அந்நாளுக்குப் பின் உண்பது பாதுகாப்பற்றது என்பது. மற்றொன்று, அந்நாள் வரை தரம் முழுமையாக இருக்கும் என்பது. மொழிபெயர்த்த ஸ்டிக்கரில் இவ்விரண்டும் இடம் மாறிவிட்டால் அதைச் சிறு பிழை என்று எவரும் ஒதுக்க மாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேற்படாத ஆயுளுள்ள உணவுக்கு நாளும் மாதமும், அதற்கு மேற்பட்டதற்குக் குறைந்தது மாதமும் ஆண்டும் வேண்டும் என்கிறது கோடெக்ஸ். 03/04 என்பது மார்ச் நான்கா, ஏப்ரல் மூன்றா என்ற குழப்பத்தைத் தவிர்க்க மாதத்தை எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

எழுத்தின் அளவையும் ஸ்கேல் கொண்டு அளப்பார்கள். ஐரோப்பிய விதிப்படி சிறிய எழுத்தின் உயரம் குறைந்தது 1.2 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பொட்டலத்தின் மிகப்பெரிய பக்கம் 80 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் 0.9 மில்லிமீட்டர் போதும். இந்த அளவைக் கணினித் திரையில் பார்த்துத் தீர்மானிக்காமல், அச்சிட்ட மாதிரியை வரவழைத்து அளந்து பாருங்கள்.

இறக்குமதி நாட்டின் மொழியில் லேபிள் இல்லையென்றால் துணை லேபிள் ஒட்டலாம் என்பதைக் கோடெக்ஸ் ஏற்கிறது. ஆனால் துணை லேபிள் மூல லேபிளில் உள்ள கட்டாய விவரங்களை முழுமையாகவும் பிழையின்றியும் சொல்ல வேண்டும். அந்த ஸ்டிக்கர் மூலத் தேதியையோ பேட்ச் எண்ணையோ மறைத்தால் ஆய்வாளர் அதைப் பிழையாகக் கருதமாட்டார், மோசடியாகவே பார்ப்பார். பிறப்பிட நாட்டைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை: பார்கோடின் முதல் எண்களை வைத்து உணவு எங்கே தயாரானது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அந்த எண்கள் நிறுவனம் எந்த நாட்டின் ஜி.எஸ்.1 என்ற பார்கோடு எண் வழங்கும் அமைப்பில் பதிவு செய்துகொண்டது என்பதை மட்டுமே காட்டும். உற்பத்தி வேறெங்கும் நடந்திருக்கலாம்.

ஐந்தாம் படி: சரக்கை நேரில் பார்த்தல்

எல்லாச் சரக்கையும் திறந்து பார்க்க எந்த நாட்டிலும் ஆளில்லை. உணவின் தன்மை, பிறப்பிட நாடு, உற்பத்தியாளரின் கடந்தகால வரலாறு, இறக்குமதியாளரின் வரலாறு ஆகியவற்றை வைத்து இடர் கணிக்கப்பட்டு, சில சரக்குகள் ஆவணத்தோடு விடப்படும், சில திறக்கப்படும், சிலவற்றிலிருந்து மாதிரி எடுக்கப்படும். முதன்முறை இறக்குமதி செய்பவருக்கு வரலாறே இல்லை என்பதால், தம் சரக்கு திறக்கப்படும் என்று எண்ணிக்கொண்டே திட்டமிடுவது நல்லது.

திறக்கும் ஆய்வாளர் முதலில் கன்டெய்னரின் சீல் எண்ணை ஆவணத்தோடு ஒப்பிடுவார். பிறகு கதவைத் திறந்ததும் மூக்குக்கு வேலை: பூஞ்சை வாடை, எண்ணெய் காறிய வாடை, முன்பு ஏற்றிய இரசாயனத்தின் வாடை. கூரையிலிருந்து நீர் சொட்டிய தடம், பூச்சியின் எச்சம், உப்பிய டப்பா, துருப்பிடித்த மூடி ஆகியவற்றைத் தேடுவார். உறைநிலை உணவு என்றால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் என்ற அளவுகோலோடு வெப்பநிலைப் பதிவுக் கருவியின் முழுப் பயணப் பதிவையும் கேட்பார். வந்து சேரும்போது குளிர்ச்சி சரியாக இருந்தாலும், பொட்டலத்துக்குள் பெரிய பனிப்படிகங்களும் ஒட்டிப்போன துண்டுகளும் இருந்தால், இடையில் ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும்.

மீதமுள்ள ஆயுளும் இப்போது கணக்கிடப்படும். உதாரணமாக, இந்தியாவில் சுங்க விடுவிப்பின்போது மொத்த ஆயுளில் 60 விழுக்காடு அல்லது காலாவதிக்கு முன் மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அதுவாவது மிஞ்சியிருக்க வேண்டும். கடற்பயணத்துக்கும் சோதனைக்கும் ஆகும் நாட்களைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள். தள்ளுபடி விலைக்குக் கிடைத்த பழைய இருப்பு லாபமாகத் தெரிவது அதுவரைதான்.

ஆறாம் படி: மாதிரியும் ஆய்வகமும்

மாதிரி எடுப்பது எளிய வேலையாகத் தோன்றினாலும், தவறு பெரும்பாலும் நுழையும் இடம் இதுவே. அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஒரு கன்டெய்னர் நிலக்கடலையில் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகள் தூய்மையாக இருக்க, ஏதோ சிலவற்றில் மட்டும் மிக அதிகமாகக் குவிந்திருக்கும். அதனால்தான் ஐரோப்பிய நடைமுறையில் ஒரு பெரிய தொகுதிக்கு 100 இடங்களில் சிறிது சிறிதாக எடுத்து 20 கிலோ வரை சேர்த்து, அரைத்துக் கலந்த பிறகே சோதிக்கிறார்கள். மேல்வரிசைச் சாக்கிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து வாங்கிய ஏற்றுமதியாளரின் சான்றிதழ் தூய்மை என்று சொல்லியும், இறக்குமதித் துறைமுகத்தில் அதே சரக்கு தோற்பதற்கு இதுவே காரணம். எந்த ஆய்வகமும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

நுண்ணுயிர்ச் சோதனையில் ஒரு தொகுதிக்கு எத்தனை மாதிரிகள், அவற்றில் எத்தனை வரம்பு மீறலாம் என்பது முன்பே வகுக்கப்பட்டிருக்கும். குழந்தைகளுக்கான பால் மாவில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமிக்குக் கோடெக்ஸ் கேட்பது 25 கிராம் கொண்ட 60 மாதிரிகள். ஒன்றில்கூட அது இருக்கக் கூடாது.

என்ன தேடப்படும் என்பதை அண்மைய வரலாறு தீர்மானிக்கிறது. 2008-இல் சீனாவில் பால் மாவில் மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் கலந்தபோது வழக்கமான புரதச் சோதனை அதைப் பிடிக்கவில்லை. அச்சோதனை நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுவது, மெலமைனிலோ நைட்ரஜன் நிறைய உண்டு. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமிநீக்கி வாயுவின் எச்சம் கண்டறியப்பட்ட பின் ஐரோப்பா முழுவதும் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. 2023-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட ஆப்பிள் கூழில், அதில் சேர்ந்த லவங்கப்பட்டையின் வழியே ஈயம் வந்தது. உங்கள் உணவு வகைக்கு இத்தகைய எச்சரிக்கை ஏதும் அண்மையில் வெளியாகியிருக்கிறதா என்று, 1979 முதல் இயங்கும் ஐரோப்பிய விரைவு எச்சரிக்கை அமைப்பின் பொதுத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். கட்டணமில்லாத, மிகப் பயனுள்ள வேலை அது.

ஏழாம் படி: முடிவும் அதன்பின் செய்ய வேண்டியதும்

விடுவிப்பு, திருத்தத்துக்குப் பின் விடுவிப்பு, நிராகரிப்பு என்று முடிவு மூன்றாகப் பிரியும். திருத்தக்கூடிய லேபிள் குறை எது என்பதைச் சட்டமே சொல்லும். இந்தியாவில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் சின்னமும் உரிம எண்ணும், சைவ அசைவக் குறியும் போன்ற சிலவற்றை மட்டுமே சுங்கக் கிடங்கில் பிரிக்கமுடியாத ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. விடுபட்ட தேதியையோ சேர்மானத்தையோ அங்கே சேர்க்க முடியாது. நிராகரிக்கப்பட்டால் திருப்பி அனுப்புதல், அழித்தல் ஆகியவையே பெரும்பாலும் எஞ்சும். சில நாடுகள் சிறப்புச் செயலாக்கத்துக்கோ உணவல்லாத பயன்பாட்டுக்கோ இடம் தருகின்றன.

முடிவை ஏற்க மறுத்தால் மேல்முறையீட்டுக்கான கெடுவுக்குள், அதிகாரி முத்திரையிட்டு வைத்திருக்கும் இரண்டாம் மாதிரியை வேறோர் ஆய்வகத்தில் சோதிக்கக் கோருங்கள். கோருமுன், முதல் முடிவின் அளவீட்டு நிச்சயமின்மை, அதாவது உண்மை அளவு அதிலிருந்து எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது, எவ்வளவு என்று கேளுங்கள். வரம்பை ஒரு மயிரிழை தாண்டிய முடிவுக்கு முறையீடு பொருளுள்ளது. மூன்று மடங்கு தாண்டியதற்கு அது கட்டணத்தைத்தான் கூட்டும். நிராகரிப்பின் விளைவு அந்த ஒரு சரக்கோடு முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் இறக்குமதி எச்சரிக்கைப் பட்டியலில் ஓர் உற்பத்தியாளர் பெயர் ஏறிவிட்டால், அவருடைய அடுத்தடுத்த சரக்குகள் திறந்து பார்க்கப்படாமலேயே தடுத்து வைக்கப்படும். வெளியே வரப் பொதுவாகத் தொடர்ச்சியாக ஐந்து சரக்குகளாவது குறையின்றி வர வேண்டும், சீர்செய்ததற்கான சான்றும் வேண்டும்.

சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு பேட்ச் எண்ணும் எந்த வாடிக்கையாளருக்கு, எந்த நாளில், எத்தனை பெட்டி சென்றது என்று பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பேட்சிலும் சில பொட்டலங்களை, லேபிளில் சொன்ன வெப்பநிலையில், காலாவதி வரை உங்களிடமே வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஏதேனும் ஒரு பேட்ச் எண்ணைச் சொல்லி, அது இப்போது எங்கெங்கே இருக்கிறது என்று கணக்காளரைக் கேட்டு, விடை வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்றதும் இருப்பில் உள்ளதும் சேர்ந்து இறக்குமதியான எண்ணிக்கைக்குச் சமமாகவில்லை என்றால், உண்மையான திரும்பப் பெறுதல் உத்தரவு வரும் நாளில் அதே வித்தியாசத்துக்கான பெட்டிகள் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கும்.